சரக்கு ரயில் தடம் கேட்போம், நடுவரையும் சேர்த்துக் கேட்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனிச் சரக்கு ரயில் தடம் தமிழ்நாட்டுக்கும் வர வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் கேட்கிறவர்கள் பாதியைத்தான் கேட்கிறார்கள். தடம் போட்ட பிறகு அதில் எந்த வண்டி எப்போது போகும் என்று முடிவு செய்வது யார்? அந்த முடிவில் நமக்குக் குறை இருந்தால் எங்கே போய்ச் சொல்வது? இந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் நாமக்கல்லில் மக்காச்சோள ரேக் (முழுச் சரக்கு ரயில்) இறக்கிக் கொடுக்கும் ஏஜென்ட். 2013-இல் சேலம் - கரூர் பாதை திறக்கும்வரை எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது. வடக்கிலிருந்து ரயிலில் வரும் தீவனச் சரக்கை வெளியூரில் இறக்கி லாரியில்தான் கொண்டுவர வேண்டும். இப்போது ஒரு ரேக் என்றால் 42 வேகன், ஏறத்தாழ 2,600 டன், நேராக எங்கள் கூட்ஸ் ஷெட்டுக்கே வந்துவிடுகிறது. மத்தியப் பிரதேசச் சரக்கு என்றால் நாக்பூர், பல்லார்ஷா தாண்டி விஜயவாடா, கூடூர், ரேணிகுண்டா, காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம் என்று இறங்கி வரும். கோழிப் பண்ணைக்காரர்களுக்கு ரயில் பெரிய உபகாரம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் நேரத்தில்தான். ரேக் எங்கே நிற்கிறது என்று கைப்பேசியில் பார்க்கலாம். எப்போது கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. நேற்று மாலை நின்ற அதே ஸ்டேஷனில் இன்று மதியமும் நிற்கும். எக்ஸ்பிரஸ் வண்டிகள் ஒவ்வொன்றாகப் போன பிறகு லூப் லைனிலிருந்து (வண்டியை ஒதுக்கி நிறுத்தும் பக்கப் பாதை) வெளியே எடுப்பார்கள், நாலு ஸ்டேஷன் தள்ளி மறுபடியும் ஓரம் கட்டுவார்கள். இங்கே நாங்கள் லாரிகளுக்கு அட்வான்ஸ் கொடுத்து, லோடுமேன்களை வரச் சொல்லி, அப்புறம் போகச் சொல்லி, மறுபடியும் வரச் சொல்லிக் கொண்டிருப்போம். கடைசியில் நடுராத்திரியில் ரேக் வந்து சேரும். ப்ளேஸ்மென்ட் நேரத்தை, அதாவது இறக்குவதற்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய நேரத்தைக் குறித்த நிமிடத்திலிருந்து கடிகாரம் எங்கள் பக்கம் ஓட ஆரம்பிக்கும். கொடுத்த நேரத்துக்குள் இறக்கி முடிக்காவிட்டால் வேகனுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று டெமரேஜ். இறக்கிய மூட்டை பிளாட்பாரத்தில் கிடந்தால் வார்ஃபேஜ் வேறு. மழைக்காலமாக இருந்தால் தார்ப்பாய்க்கு ஓடுகிறவன் ஒரு பக்கம், கதவு திறந்ததும் கையை உள்ளே விட்டு ஈரம் பார்க்கிற தீவன ஆலைக்காரர் ஒரு பக்கம். ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சண நஞ்சு கோழிக்கு ஆகாது. விலையில் அங்கேயே வெட்டு விழும்.

நாங்கள் ஒரு மணி நேரம் தாமதித்தால் பணம் கட்டுகிறோம். ரேக் வழியில் இரண்டு நாள் தாமதித்தால் யாரும் எங்களுக்குக் கட்டுவதில்லை. ஊழியர்களைக் குறை சொல்லவில்லை. எந்த வண்டியை எப்போது விடுவது என்று முடிவு செய்யும் கண்ட்ரோலில் உட்கார்ந்திருப்பவர் பயணிகள் வண்டி லேட்டானால் பதில் சொல்ல வேண்டும், மக்காச்சோளம் லேட்டானால் அவரை யாரும் கேட்கப் போவதில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் மக்காச்சோளத்தைத்தான் நிறுத்துவேன்.

2020-இல் பயணிகள் ரயில்கள் நின்றபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். அதுவரை மணிக்கு 23, 24 கிலோமீட்டர் என்று ஊர்ந்துகொண்டிருந்த சரக்கு ரயில்களின் சராசரி வேகம் ஏறக்குறைய இரு மடங்கானது. ரயில்வேயே பெருமையோடு அறிவித்த தகவல் இது. அதே தண்டவாளம், அதே இன்ஜின், அதே ஓட்டுநர்கள். மாறியது ஒன்றுதான்: பாதையில் யாருக்கு முதல் இடம் என்பது. எங்களுக்கு அந்தக் காலத்தில் ரேக் வந்த வேகத்துக்கு லாரி கிடைக்கவில்லை.

இந்த இழுபறியைத் தீர்க்கத்தான் தனிச் சரக்குத் தடம் வந்தது. 2006-இல் அதற்கென்று தனிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். உத்தரப் பிரதேசத்து தாத்ரியிலிருந்து மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரை மேற்குத் தடம் 1,506 கி.மீ.; பஞ்சாபின் லூதியானாவிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை கிழக்குத் தடம் 1,337 கி.மீ. ஒன்றுக்கு ஜப்பான் கடன், இன்னொன்றுக்குப் பெரும்பகுதி உலக வங்கிக் கடன். மேற்குத் தடத்தில் மின்கம்பிக்குக் கீழேயே கன்டெய்னர் மேல் கன்டெய்னர் வைத்து ஓட்டுகிறார்கள், இரண்டு தடத்திலும் வண்டி மணிக்கு 100 கி.மீ. வரை போகலாம். கிழக்குத் தடம் முடிந்துவிட்டது, மேற்கில் வைதர்ணாவுக்குத் தெற்கேயுள்ள கடைசித் துண்டுதான் ரொம்ப நாள் இழுத்தது. நல்ல வேலை, ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்தக் கழகத்தின் அமைப்பைப் பாருங்கள். முழுக்க ரயில்வே அமைச்சகத்துக்குச் சொந்தம். அதன் இயக்குநர் குழுவுக்குத் தலைவர் ரயில்வே வாரியத் தலைவரே. தடத்தைப் பராமரிப்பதும் பிரயாக்ராஜிலும் அகமதாபாத்திலும் உட்கார்ந்து வண்டிகளைக் கட்டுப்படுத்துவதும் கழகம். இன்ஜின், ஓட்டுநர், சரக்கு வாடிக்கையாளர் எல்லாம் ரயில்வே கையில். ரயில்வே கழகத்துக்குத் தடக் கட்டணம் கட்டுகிறது. அதாவது வீட்டு வாடகையை மகன் அப்பாவுக்குக் கொடுக்கிற மாதிரிதான். தொகை சரியா, இடம் சரியா என்று வெளியாள் யாரும் பார்ப்பதில்லை.

எங்கள் ஊர் லாரி ஊர். லாரிக்காரர்களுக்குச் சாலையில் ஆயிரம் குறை உண்டு, ஆனால் ஒன்றை அவர்கள் யோசித்தே பார்ப்பதில்லை: தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்குச் சொந்தமாக ஒரு சரக்கு லாரி கூடக் கிடையாது. பணம் கட்டினால் யார் வண்டிக்கும் சுங்கச்சாவடியில் கதவு திறக்கும். அந்த ஆணையமே சரக்கு லாரிகளை ஓட்டி, தன் வண்டியை முதலில் விட்டு நம் வண்டியை ஓரம் கட்டச் சொன்னால் நாமக்கல் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுமா?

ரயிலில் அது பழகிப்போய்விட்டது. 2006-இல் கன்டெய்னர் ரயில்களைத் தனியாரும் நடத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். அவர்கள் வேகன் வாங்கலாம். இன்ஜினும் ஓட்டுநரும் பாதையும் ரயில்வேயுடையவை, இழுவைக் கட்டணத்தை நிர்ணயிப்பதும் ரயில்வே. அவர்களோடு போட்டியிடும் மிகப் பெரிய கன்டெய்னர் நிறுவனமான கான்கார் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் உள்ள அரசு நிறுவனம். தனியார் நிறுவனம் ஒன்று, வியாபாரத்தில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று பார்க்கும் போட்டி ஆணையத்துக்குப் போனது. அந்த ஆணையத்துக்கு எங்கள் மேல் அதிகாரமே இல்லை என்று ரயில்வே அமைச்சகம் வாதாடியது; 2012-இல் டில்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இருந்தும் முடிவில் புகார் தள்ளுபடியானது. ரயிலையும் தண்டவாளத்தையும் தெரிந்த தனி நடுவர் இல்லாத ஊரில் வேறு எப்படி முடியும்?

பாதையும் வண்டியும் ஒரே கையில் இருந்தால் எது வரை போகும் என்பதற்கு லித்துவேனியாவில் நடந்த ஒரு கதை உண்டு. அங்கே மாஜெய்கியை என்ற ஊரில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது, போலந்து நிறுவனத்துக்குச் சொந்தம். அதன் சரக்கை ஏற்றியது லித்துவேனிய ரயில்வே. 2008-இல் கட்டணத் தகராறு வந்தது. ஆலை, பக்கத்து நாடான லாட்வியாவின் ரயில்வேயைப் பிடித்து, எல்லை தாண்டும் குறுக்குப் பாதை வழியாகச் சரக்கை அனுப்பலாமா என்று யோசித்தது. அந்தச் சமயம் பார்த்து, செப்டம்பரில், குறுக்குப் பாதையில் பழுது என்று சொல்லிப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். அக்டோபரில் 19 கி.மீ. தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள். பாதையைப் பார்த்துக்கொள்வதும் வண்டி ஓட்டுவதும் ஒரே நிறுவனம் என்பதால் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. போட்டியாளர் சுற்று வழியில்தான் வர வேண்டும், அது கட்டுபடியாகாது. 2017-இல் ஐரோப்பிய ஆணையம் சுமார் 2 கோடியே 79 லட்சம் யூரோ அபராதம் போட்டது. நீதிமன்றம் 2020-இல் அதை 2 கோடியே சொச்சமாகக் குறைத்தது. 2023-இல் மேல் நீதிமன்றமும் உறுதி செய்தது. பெயர்த்த பாதையைத் திரும்பப் போட்டார்கள். ஆனால் தண்டவாளம் போனது 2008-இல், முதல் தீர்ப்பு வந்ததே ஒன்பது ஆண்டு கழித்து. நம் ஊர் வியாபாரி யாராவது ஒன்பது ஆண்டு தாக்குப்பிடிப்பாரா?

சரி, தனிக் கழகம்தான் வைத்திருக்கிறோமே, லித்துவேனியா மாதிரி இல்லையே என்று கேட்கலாம். பிரான்சைப் பாருங்கள். 1997-லேயே தண்டவாளத்துக்கு அங்கே தனி அமைப்பு வந்துவிட்டது. ஆனால் அன்றாடப் பாதை வேலையைப் பழைய ரயில்வே ஆட்களிடமே ஒப்படைத்துவிட்டார்கள். சரக்கு ரயில் நடத்தப் புதிதாக வந்த நிறுவனங்கள் எந்த வழியில், எந்த நேரத்துக்குப் பாதை கேட்கின்றன என்ற விவரம் முதலில் அவர்கள் மேசைக்குத்தான் வரும். அந்த விவரம் உள்ளுக்குள்ளேயே ரயில்வேயின் சரக்குப் பிரிவுக்குப் போனது, வியாபாரத்துக்கும் பயன்பட்டது. 2012 டிசம்பரில் அந்த நாட்டுப் போட்டி ஆணையம் 6 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் தொகை குறைந்தது, அது வேறு விஷயம். பெயர்ப் பலகையைத் தனியாக மாட்டி ஆட்களை அப்படியே வைத்தால் இதுதான் நடக்கும். நம் சரக்குத் தடக் கழகத்தை நினைக்கும்போது எனக்கு லித்துவேனியாவைவிட பிரான்ஸ்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஐரோப்பாவில் இப்போது சட்டம் தெளிவாக இருக்கிறது. யாருக்குப் பாதை, அதற்கு எவ்வளவு கட்டணம் - இந்த இரண்டு முடிவையும் வண்டி ஓட்டுகிறவன் எடுக்கக் கூடாது. பாதை நிறுவனம் ரயில் நிறுவனத்தின் குடைக்குக் கீழே இருக்கலாம், ஜெர்மனியில் இன்றும் அப்படித்தான். ஆனால் இந்த இரண்டு முடிவிலும் தலையீடு கூடாது. ஒவ்வொரு நாட்டிலும் அரசுக்கும் ரயில்வேக்கும் கட்டுப்படாத ஒழுங்குமுறை அமைப்பு இருக்க வேண்டும், குறை உள்ளவர் அங்கே முறையிடலாம். 2010-இல் சரக்குத் தடங்களுக்கென்றே தனி விதி கொண்டுவந்தார்கள். பல நாடு தாண்டும் தடத்துக்கு ஒரே ஜன்னலில் விண்ணப்பிக்கலாம், சரக்கு வண்டிகளுக்கென்று சில நேரங்களை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு விதி: தாமதம் யாரால் வந்ததோ அவர் கட்ட வேண்டும். வண்டி நிறுவனத்தால் என்றால் அது, பாதை நிறுவனத்தால் என்றால் பாதை நிறுவனம். டெமரேஜ் கட்டியே பழகிய எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

தனியாருக்கு விற்றுவிடு என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் 1990-களில் தண்டவாளத்தை ரயில்ட்ராக் என்ற தனியார் கம்பெனிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2000 அக்டோபரில் ஹாட்ஃபீல்டில் விரிசல் விட்ட தண்டவாளம் நொறுங்கி வண்டி கவிழ்ந்து நாலு பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே கம்பெனி மூழ்கியது, 2002-இல் லாப நோக்கில்லாத வேறொரு அமைப்பு அதை எடுத்துக்கொண்டது. பாதை அரசிடமே இருக்கட்டும். பாதையைப் பங்குபோடுகிறவரும் வண்டி ஓட்டுகிறவரும் ஒருவராக இருக்கக் கூடாது, இரண்டு பேரையும் கேள்வி கேட்க மூன்றாவது ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மூன்றாவது ஆளுக்கு நம் சென்னையில் ஒரு முன்மாதிரி இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. ரயில்வே கட்டணத் தீர்ப்பாயம் பல பத்தாண்டுகளாகச் சென்னையில்தான் இயங்கியது. ஒரு சரக்குக்கு இரண்டு ஊர்களுக்கு இடையே வாங்கும் கட்டணம் நியாயமற்றது, ஒருவருக்குச் சலுகை காட்டி இன்னொருவரை ஒதுக்குகிறார்கள் என்றெல்லாம் அங்கே முறையிடலாம். ஆனால் 1989 ரயில்வே சட்டமே அதன் கையைக் கட்டியிருந்தது. சரக்கை எந்த வகுப்பில் சேர்ப்பது, டெமரேஜ், வார்ஃபேஜ் எவ்வளவு என்பவை அதன் வரம்பிலேயே இல்லை. எங்களை மாதிரி ஆட்களுக்கு வலிக்கிற இடம் எதுவோ அங்கே அது தொட முடியாது. சரி, இருந்த அளவுக்காவது இருந்தது. 2017 நிதிச் சட்டத்தில் அதை ரயில்வே உரிமைக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தோடு சேர்த்துவிட்டார்கள். சரக்கு காணாமல் போனது, விபத்து இழப்பீடு என்று வழக்கு பார்க்கிற இடம் அது.

அந்த நிதிச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்த ஒரு வாரத்துக்குள், 2017 ஏப்ரல் 5-ஆம் தேதி, மத்திய அமைச்சரவை ரயில் வளர்ச்சி ஆணையம் என்று ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. ரயில்வே சீர்திருத்தம் பற்றி ஆராய அரசு அமைத்த விவேக் தேவ்ராய் குழு 2015-இல் தனி ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும் என்று சொன்னதன் தொடர்ச்சி. ஒரு தலைவர், மூன்று உறுப்பினர். அதன் வேலைப் பட்டியலில் சரக்குத் தடத்தில் பாரபட்சமில்லாமல் எல்லாருக்கும் இடம் கிடைக்க ஒரு வரைமுறை வகுப்பதும் இருந்தது! படித்தபோது சந்தோஷப்பட்டேன். ஆனால் ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டும்தான், சட்டத்தின் வழியாக இல்லாமல் அரசாணை வழியாகத்தான் அமைப்பது. அதுவும் காகிதத்தோடு நின்றது. 2025-இல் ரயில்வே சட்டத்தைத் திருத்தியபோது ரயில்வே வாரியத்தின் சட்ட அந்தஸ்தை அந்தச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். நடுவருக்கு அதில் இடம் இல்லை.

மின்சாரத்தில் இதை நாம் செய்திருக்கிறோம். கொங்கு நாட்டு நூற்பாலைகள் தூரத்தில் உள்ள தங்கள் காற்றாலை மின்சாரத்தை மின்வாரியக் கம்பி வழியாகக் கொண்டுவருகின்றன, கம்பிக்குக் கட்டணம் கட்டுகின்றன. அந்தக் கட்டணத்தை வாரியம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது, தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விசாரணை நடத்தித்தான் முடிவு செய்யும். ஆணையத்தின் எல்லா உத்தரவும் ஆலைக்காரர்களுக்குப் பிடிப்பதில்லை. ஆனாலும் போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறது. கம்பிக்கு முடிந்தது தண்டவாளத்துக்கு ஏன் முடியாது?

இதெல்லாம் வட இந்தியத் தடங்களின் கவலை, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. 2016 ரயில்வே பட்ஜெட்டில் அப்போதைய ரயில்வே அமைச்சர் சுரேஷ் பிரபு டில்லி - சென்னை வடக்கு தெற்குச் சரக்குத் தடத்தை அறிவித்தார். பிறகு வந்த தேசிய ரயில் திட்டத்தில் அது இட்டார்சியிலிருந்து நாக்பூர் வழியாக விஜயவாடா வரை, 975 கி.மீ. என்று சுருங்கிவிட்டது. கரக்பூரிலிருந்து கிழக்குக் கரையோரமாக வருவதும் விஜயவாடாவிலேயே முடிகிறது. இரண்டு தடமும் கொண்டுவந்து கொட்டுகிற வண்டிகள் எல்லாம் விஜயவாடாவுக்குத் தெற்கே பழைய பாதையில்தான் ஏற வேண்டும், அங்கே மறுபடியும் எக்ஸ்பிரஸ்களுக்கு ஒதுங்கி நிற்க வேண்டும். எங்கள் மக்காச்சோளம் 975 கி.மீ. பறந்து வந்து கூடூர் பக்கம் லூப் லைனில் படுத்துக்கொள்ளும். தடத்தைச் சென்னைக்கும், முடிந்தால் சேலம் பக்கமும் நீட்டச் சொல்வது சரிதான். ஆனால் புதுத் தடமும் பழைய பாதையும் சந்திக்கிற இடத்தில் யார் வண்டியை யார் எப்போது உள்ளே எடுக்கிறார் என்பதற்கு எழுதப்பட்ட விதி இல்லாவிட்டால் நீட்டியும் பாதிப் பலன்தான்.

ரயில்வே தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கை என்றால் அவசரத்தில் வேகம் இருக்கும். 2017 ஆகஸ்டில் ஜெர்மனியில் ராஸ்டாட் என்ற இடத்தில் சுரங்கம் தோண்டும்போது மேலே போன தண்டவாளம் கீழிறங்கியது. ரைன் நதியோரச் சரக்குத் தடம் முழுதும் அக்டோபர் 2 வரை அடைபட்டது. மாற்றுப் பாதை பிரான்ஸ் வழியாக இருந்தும், பிரெஞ்சு தெரிந்த, அந்த வழி தெரிந்த ஓட்டுநர்கள் போதுமான அளவு இல்லை. நம் ரயில்வே ஒரே நாளில் வண்டிகளைத் திருப்பி விடும், அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். அந்தத் திறமையை யாரும் கலைக்கச் சொல்லவில்லை. சாதாரண நாளில் பாதை கேட்டவர் யார், கிடைத்தவர் யார், கிடைக்காதவருக்கு என்ன காரணம் என்ற கணக்கு வெளியே தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

தமிழ்நாட்டு எம்.பி.க்கள் அடுத்த கூட்டத்தொடரில் புதுத் தடத்துக்குக் கோரிக்கை வைக்கும்போது சில கேள்விகளையும் சேர்த்துக் கேட்கட்டும். 2017-இல் அமைச்சரவை ஒப்புதல் தந்த ஆணையம் எங்கே? சரக்குத் தடத்தில் வெளியார் வண்டி ஓட்ட விதிமுறை எப்போது வரும்? தடக் கழகத்தின் தலைமைப் பதவியிலிருந்து ரயில்வே வாரியத் தலைவரை எப்போது விடுவிப்பார்கள்? பழைய கட்டணத் தீர்ப்பாயத்தின் அதிகாரத்தை, டெமரேஜையும் சேர்த்து, ஒரு புதிய அமைப்புக்குச் சட்டப்படி தர அரசு தயாரா, அதன் ஒரு கிளை மறுபடி சென்னையில் இருக்குமா?

எங்கள் தொகுதி எம்.பி.யிடம் இந்தக் கடிதத்தின் நகலை நானே கொடுக்கப் போகிறேன். திருப்பூர், தூத்துக்குடி, கோவை வியாபாரிகளும் தங்கள் எம்.பி.யிடம் இதையே கேட்டால் நல்லது.

இப்படிக்கு,
மக்காச்சோள ரேக் ஏஜென்ட் ஒருவர்,
நாமக்கல்